நிலாணி வளர்த்த குருதிக்குழாய்கள்

டெங்குக் காய்ச்சலில் ஆபத்து மிகுந்த வேளை, காய்ச்சல் இறங்கும் வேளையே. நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார், வீட்டார் நிம்மதியடைவர். அப்போதுதான் உடம்பிலுள்ள நுண்ணிய குருதிக்குழாய்களின் சுவர்கள் கசியத் தொடங்கும். குருதியின் நீர்ப்பகுதி குழாயைவிட்டு வெளியேறிவிட்டால் இதயம் எதனை ஓட்டும்? அந்தச் சுவர் ஏன் கசிகிறது, எந்த மருந்து கசிவை அடைக்கும் என்பதை ரொறன்ரோ நகர மையத்திலுள்ள ஓர் ஆய்வுகூடம் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அங்கே குழாய்களை வளர்ப்பவர் நிலாணி ராகுலன். அந்நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் மாடிக்கட்டடத்தில், எனக்குக் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்.

அவர் பெயருக்குப் பின்னால் நீண்ட பட்டங்கள் இல்லை. சிறுமியாகப் பெற்றோருடன் அகதியாக இங்கு வந்து, ஸ்காபறோவில் பள்ளிப்படிப்பை முடித்து, கல்லூரியொன்றில் ஆய்வுகூடத் தொழில்நுட்பம் பயின்றவர். இப்போது வயது நாற்பத்தைந்தைக் கடந்திருக்கும். சென்ற மார்கழியில் அவர் செய்த ஒரு செயலை எழுதிவைக்க வேண்டும் என்று விரும்பினேன். அச்செயலில் தொடர்புடைய கஜனி என்ற பெண்மணியும் இசைவு தந்த பின்னரே எழுத உட்கார்ந்தேன்.

குழாய் வளர்ப்பது என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெருவிரல் நகமளவில் ஒரு கூழ்க்கட்டி. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். அதன் நடுவே தையல் நூலின் பருமனில் ஒரு துளை. பிரசவம் முடிந்ததும் வைத்தியசாலை கழித்துவிடும் தொப்புள்கொடியை, தாயின் சம்மதத்துடன் பெற்று, அதனுள் ஓடும் நாளத்தின் உட்சுவரிலிருந்து கலங்கள் எனப்படும் உயிரணுக்களைக் கழுவி எடுப்பார்கள். அக்கலங்களைக் கூழின் துளைக்குள் செலுத்தினால் அவை சுவரெங்கும் பரவி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, மனிதக் குருதிக்குழாயின் உட்தோலைப் போலவே அமைந்துவிடும். இளஞ்சிவப்பான ஊட்டநீரை ஒரு சிறு பம்பி அதனூடே இடைவிடாது ஓட்டிக்கொண்டிருக்கும். எலிக்கு டெங்கு மனிதனுக்கு வருவதுபோல் வருவதில்லை; ஆகையால்தான் இவ்வளவு பாடு.

இதில் கைப்பக்குவம் பெரிது. ஊட்டநீரில் ஒரு காற்றுக்குமிழி புகுந்தால் போதும். அது போகும் வழியெங்கும் கலங்களை வழித்துக்கொண்டு போய்விடும். நிலாணி குழாயைப் பம்பியோடு இணைக்கும்போது இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு துளி நீர் ததும்பி நிற்கச் செய்து, துளியோடு துளியைத் தொடவிட்டுப் பிறகே இறுக்குவார். அவ்வேளையில் பேசமாட்டார். பக்கத்தில் நிற்பவரையும் பேசவிடமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஊட்டநீர் மாற்றவேண்டும் என்பதால், மிசிசாகாவில் விமான நிலையத்தில் வேலைசெய்யும் அவருடைய கணவர் ராகுலனே தமது ஓய்வுநாளில் அவரைக் காரில் கொண்டுபோய் ஆய்வுகூடத்தில் விடுவார். ஒருமுறை மின்தூக்கியில் அவர்களைச் சந்தித்தேன்.

"உம்மட குழாய்ப் பிள்ளையளுக்குப் பசிச்சிட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் ராகுலன்.

"ஓம், உங்களைப் போலத்தான். நேரத்துக்குக் குடுக்காட்டில் சுருண்டு விழுந்திடுங்கள்."

"எனக்கு ஞாயிற்றுக்கிழமை பழஞ்சோறு. அதுகளுக்கு மட்டும் புதுசு."

"நீங்கள் குழாயாய்ப் பிறந்திருக்க வேணும்."

சிரிப்புக்கிடையே அவர்கள் கவலையும் எனக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளாகப் பல கொடிகளிலிருந்து குழாய்கள் வளர்த்துப் பார்த்தாயிற்று. எல்லாம் ஒரு கிழமைக்குள் தாமாகவே கசியத் தொடங்கின. வைரஸ் கசியவைத்ததா, குழாயே பழுதா என்று பிரித்தறிய முடியாத நிலையில் மருந்தைச் சோதித்து என்ன பயன்? சென்ற ஆடியில் கிடைத்த ஒரு கொடிதான் முதன்முறையாகக் கைகொடுத்தது. கொடையாளர் பெயர் ஆய்வுகூடத்துக்குத் தெரியாது. கொடிகளுக்கு எண் மட்டுமே உண்டு. இதன் எண் பதினேழு. பதினேழின் கலங்களால் அமைந்த குழாய்கள் வாரக்கணக்கில் ஒரு சொட்டும் கசியாமல் நின்றன. பச்சையாக ஒளிரும் சாயத்தை உள்ளே ஓடவிட்டால், நுணுக்குக்காட்டியில் அது கோடு கிழித்தாற்போல் குழாய்க்குள்ளேயே நிற்கும். ஆய்வுகூடத் தலைவரான கலாநிதி வேரோனிக்கா அந்தப் படத்தை அச்சிட்டுத் தமது அறைக் கதவில் ஒட்டிவைத்தார். மார்கழி மாதத்தில் அக்குழாய்களுக்கு டெங்கு வைரஸை ஊட்டி, பாதிக்கு மருந்து கொடுத்து, எவை கசிகின்றன என்று பார்ப்பதாக ஏற்பாடாயிற்று.

அதே மார்கழியின் முதல் ஞாயிறு எங்கள் முதியோர் சங்க மண்டபத்தில் நிலாணியை ஓர் உரையாற்றும்படி கேட்டிருந்தோம். தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போகிறவர்கள் பலர். அங்கே மழை முடிந்து கொசு பெருகும் அந்தப் பருவத்தில்தான் டெங்கு மிகும். நிலாணி தெளிவாகப் பேசினார். "காய்ச்சல் விட்டிட்டுது எண்டு சந்தோசப்பட்டு ரத்தம் சோதிக்காமல் விட்டிடாதேங்கோ. அண்டைக்குத்தான் கவனமாய் இருக்க வேணும்" என்பதைப் பலமுறை வற்புறுத்தினார். பிறகு கேள்விகள்.

முன்வரிசையிலிருந்த சண்முகநாதன், எவரையும் சீண்டாமல் விடாதவர், எழுந்தார். "பிள்ளை, ஒரு நுளம்பைப் பிடிக்க வழி காணேல்லை. இவ்வளவு பேரும் சேர்ந்து குழாய் வளக்கிறியளோ?"

"நுளம்பு ஊரிலை நிக்குது, அங்கிள். இஞ்ச இருந்து எட்டிப் பிடிக்க என்ர கை நீளம் காணாது."

மண்டபம் சிரித்தது. "சரி, உந்தக் குழாய் எங்காலை?" என்றார் அவர் விடாமல்.

"பிள்ளை பிறக்கேக்கை வெட்டுற கொடியிலை இருந்து. அந்தப் பிள்ளையின்ர கொடியிலை வளர்ந்த ரத்தக்குழாய்க்குள்ளைதான் டெங்கு வைரஸை விடுறம்."

சிரிப்பு ஓய்ந்து, ஒருவர் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். நம்மவர்களுக்குக் கொடி என்பது கழிவுப்பொருளன்று. நாய், நரி தோண்டாதபடி ஆழமாகக் குழி வெட்டி நஞ்சுக்கொடியைப் புதைத்தவர்கள் நாம். உலர்ந்து விழும் தொப்புள்கொடித் துண்டை வெள்ளிக் கூட்டுக்குள் அடைத்துக் குழந்தையின் அரையில் கட்டியவர்கள். இந்நகரில் பிறக்கும் குழந்தைகளுக்கும் அதைக் கட்டுகிறவர்கள் உண்டு. சம்மதப் பத்திரத்தில் ஆங்கிலத்தில் 'கொடித் திசு', 'தொற்று மாதிரி' என்றெல்லாம் எழுதியிருந்ததைப் படித்துக் கையெழுத்திட்ட தாய்மார் எவரும் துணுக்குற்றதில்லை. நிலாணி அதையே தமிழில் ஒரு வாக்கியமாகச் சொன்னபோது அதன் எடை வேறாகிவிட்டது. ஆங்கிலத்தில் நாள்தோறும் பேசிப் பழகிய வாய்க்கு அது தெரியவில்லை.

பின்வரிசையில், ஊருக்குப் புறப்படவிருந்த தன் பெற்றோரை அழைத்துவந்த கஜனி உட்கார்ந்திருந்தார். யூனியன்வில்லில் வசிக்கும் கணக்காளர். மடியில் ஐந்து மாதப் பெண்குழந்தை. ஆடியில் அக்குழந்தை பிறந்தபோது, கொடியைத் தருகிறேன் என்று கையெழுத்திட்டவர் அவர்.

அடுத்த கிழமை அக்குழந்தைக்குச் சளிபிடித்து, மூச்சுக்குழாய்களில் தொற்று இறங்கி, வைத்தியசாலையில் ஒட்சிசன் கொடுக்கவேண்டிய நிலை வந்தது. புதன்கிழமை காலை கஜனி நிலாணியை அழைத்தார். சம்மதப் பத்திரத்தில், தொடர்புகொள்ளவேண்டியவர் என்று அச்சிடப்பட்டிருந்த பெயர் நிலாணியுடையது. ஆய்வுகூடத்திலிருந்து வைத்தியசாலை நடக்கும் தூரந்தான். அதன் கீழ்த்தளத்துக் கோப்பிக் கடையில் இருவரும் சந்தித்தனர். அங்கு நடந்த உரையாடலை இருவரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். சொற்கள்கூடப் பெரும்பாலும் ஒத்திருந்தன.

"அக்கா, நான் மூடநம்பிக்கை பிடிச்ச ஆள் இல்லை" என்று தொடங்கினார் கஜனி. "பிள்ளைக்கு வந்தது வேற வைரஸ். இந்தக் குளிருக்கு வார்ட் முழுக்க உதுதான் எண்டு டொக்டர் சொன்னவ. எல்லாம் விளங்குது. ஆனால் பிள்ளை நெஞ்சு குழிவிழ மூச்சு வாங்கேக்கை உங்கட குழாய்தான் கண்ணுக்கை நிக்குது."

"விளங்குது."

"ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. அந்தக் குழாயிலை இருக்கிறது என்ர உடம்போ, பிள்ளையின்ர உடம்போ?"

ஆடியில் கிடைத்த கொடிகள் மிகச் சில. கஜனி ஆடிமாதம் என்று சொன்னபோதே நிலாணிக்கு எது யாருடையது என்பது ஏறத்தாழத் தெரிந்துவிட்டது. 'கொடி இரண்டு பேருக்கும் பொதுதானே' என்று அவர் மழுப்பியிருக்கலாம். எவரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

"பிள்ளையின்ர" என்றார்.

கஜனி கைக்குட்டையை எடுத்தார். நிலாணி தொடர்ந்தார்: "கொடியை வெட்டினதோடை அது வேற, பிள்ளை வேற. ஆய்வுகூடத்திலை நடக்கிற ஒண்டும் பிள்ளையைத் தொடாது. இதை உங்களைத் தேற்றச் சொல்லேல்லை. உண்மை அதுதான்."

"அப்ப, 'விசர்க்கதை கதையாமல் மேல போய்ப் பிள்ளையைப் பார்' எண்டு ஒருக்கா ஏசி விடுங்கோ, அக்கா. நீங்கள் சொன்னா நான் விட்டிடுறன்."

வெள்ளிக்கிழமைதான் முடிவு பார்க்கவேண்டிய நாள். குழாய்களுக்கு வைரஸ் ஊட்டியாயிற்று. பாதிக்கு மருந்தும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொல்லவேண்டியது ஒரு செல்லக் கண்டிப்பு மட்டுமே. எதிரிலிருந்தவரே அதைக் கேட்டு வாங்குகிறார்.

"அதை நான் சொல்லமாட்டன், கஜனி. பிள்ளைக்கு இதாலை ஒண்டும் வராது எண்டு நூறுதரமும் சொல்லுவன். நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொல்லமாட்டன். நிப்பாட்டச் சொல்லுறதுக்கு உங்களுக்குக் காரணமே தேவையில்லை. நீங்கள் கையெழுத்து வைச்ச கடதாசியிலையும் அப்பிடித்தான் இருக்கு."

"நிப்பாட்டினா உங்கட வேலை என்னாகும்?"

"அது என்ர பாடு. நீங்கள் அதை யோசிக்கக்கூடாது."

கஜனி கோப்பையைத் தள்ளிவைத்தார். "அப்ப நிப்பாட்டுங்கோ, அக்கா."

"சரி. இண்டைக்கே."

கொடையாளர் பெயரும் எண்ணும் வைத்தியசாலை அலுவலகத்தில் ஸ்டெபனி என்பவரின் பொறுப்பில் இருந்தன. நிலாணி அவரிடம் செய்தியைச் சொல்லிவிட்டு ஆய்வுகூடம் திரும்பி, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் தொலைபேசியருகே நின்றார். சற்று நேரத்தில் ஸ்டெபனி அழைத்து ஓர் எண்ணைச் சொன்னார். பதினேழு.

வேரோனிக்காவின் அறையில் நடந்தது ஆங்கிலத்தில். இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

"அந்தக் கூட்டத்தில் நீங்கள் என்னதான் சொன்னீர்கள்?" என்று கேட்டார் வேரோனிக்கா.

"நாம் செய்வதைச் சொன்னேன். எங்கள் மொழியில்."

வேரோனிக்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீக்கவேண்டும் என்றால் நீக்கத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் அவர் இன்னும் எழுதித் தரவில்லை. குழந்தை வைத்தியசாலையில் இருக்கும்போது எழுதி அனுப்ப எப்படியும் திங்கட்கிழமை ஆகும். வெள்ளிக்கிழமை நமக்கு முடிவு தெரிந்துவிடும். எழுத்து வந்த அன்றே எல்லாவற்றையும் அழித்துவிடுவோம். விதியை மீறியதாகவும் ஆகாது."

"எழுத்து வரும்போது வரட்டும். அவர் வாயால் சொல்லிவிட்டார்."

"கேட்டது நீங்கள் ஒருவர்தானே?"

"ஆம், நான் ஒருத்திதான். நான் கேட்கவில்லை என்று நானே எப்படிச் சொல்வது?"

வேரோனிக்கா கெட்டவர் அல்லர். அந்த மூன்று ஆண்டுகள் அவருடையவையுந்தான். அந்த மருந்து பலிக்குமானால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. கதவில் ஒட்டியிருந்த படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, கடுங்குளிரைத் தாங்கும் கையுறைகளை எடுத்தார். "உறைபெட்டியில் சேமித்துவைத்த பதினேழின் கலக் குப்பிகளை நான் எடுக்கிறேன். குழாய்கள் உங்களுடையவை. நீங்கள் போங்கள்."

நோய்க்கிருமிகளைக் கையாளும் பாதுகாப்பு அறைக்குள் நிலாணி தனியாகப் போனார். பம்பியை நிறுத்தினார். முதன்முறையாக, வேண்டுமென்று. பின்னர் வெளிற்றும் திரவத்தை ஒவ்வொரு கூழ்க்கட்டியின் மேலும் ஊற்றினார். ஊட்டநீரின் இளஞ்சிவப்பு வெளுத்து நீர்நிறமாயிற்று. அதன்பின் அனைத்தும் எரிப்பதற்கான கிருமிக்கழிவுப் பெட்டிக்குள் சென்றன. வேரோனிக்கா உறைபெட்டியிலிருந்து கொண்டுவந்த குப்பிகளில் ஒன்றைக்கூட, 'யாருக்குத் தெரியப்போகிறது' என்று இருவரும் ஒதுக்கிவைக்கவில்லை. அதுவரை எடுத்த அளவீடுகளை வைத்துக்கொள்ள விதி இடங்கொடுத்தது. அவற்றால் எதையும் நிறுவ முடியாது.

எல்லாம் முடிந்ததும் நிலாணி கஜனியை அழைத்தார். அழைக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

"முடிஞ்சுது, கஜனி. ஒண்டும் மிச்சமில்லை."

மறுமுனையில் குழந்தையின் கட்டிலருகே கருவி ஒலிக்கும் சத்தம் கேட்டது. "தாங்ஸ், அக்கா" என்றார் கஜனி. பிறகு, "உங்களுக்கு நொந்ததோ?" என்றார்.

"ஓம். கொஞ்சம்."

அடுத்த ஞாயிறு காலை ராகுலன் வழக்கப்படி சப்பாத்து மாட்டிக்கொண்டு கார்ச் சாவியுடன் வாசலில் நின்றாராம். நிலாணி குசினியிலிருந்து எட்டிப்பார்த்து, "எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

"சப்பாத்தைப் போட்டாச்சு" என்றார் ராகுலன். "மட்டன் ரோல்சாவது வாங்கிக்கொண்டு வருவம், வாரும்."

குழந்தை அந்தக் கிழமையிலேயே தேறி வீடு திரும்பியது. குழாய்களை அழித்ததற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதை மறக்காமல் எழுதும்படி என்னிடம் சொன்னவர் கஜனியே.

ஆய்வுகூடத்தில் வேலை மீண்டும் அடியிலிருந்து தொடங்கிற்று. ஆனால் நிலாணி ஒரு மாற்றத்தைக் கேட்டார். தமிழ்த் தாய்மாரிடம் பத்திரத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாமல், பிரசவத்துக்கு முன்னரே அவர்களருகே உட்கார்ந்து, கலங்கள் குழந்தையினுடையவை என்றும், அவற்றினுள் நோய்க்கிருமி விடப்படும் என்றும் தமிழிலேயே சொல்லவேண்டும் என்றார். அப்படிச் சொன்னால் ஒருவரும் தரமாட்டார்கள் என்று வேரோனிக்கா அஞ்சினார். அந்த அச்சம் வீணானதன்று. தை, மாசி மாதங்களில் பலர் மறுத்தனர். ஒரு மாமியார் நிலாணியை அறையைவிட்டே போகச் சொன்னார். நிலாணி கதிரையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, பிரசவம் நல்லபடி நடக்க வாழ்த்திவிட்டு வந்தார். கிடைத்த சில கொடிகளில் பதினேழைப் போன்ற ஒன்று இதை எழுதும்வரை அமையவில்லை. மருந்து பலிக்குமா என்பது இன்னமும் எவருக்கும் தெரியாது.

நான் நீண்டகாலம் அரச சேவையில் இருந்து ஓய்வுபெற்றவன். விதிகளைக் காத்தவர்களையும் கண்டிருக்கிறேன், அவற்றின் இடுக்குகளில் புகுந்து வெளிவந்தவர்களையும் கண்டிருக்கிறேன். தமக்குப் பெரும் இழப்பு வரும் என்று தெரிந்தும், எதிரிலிருப்பவர் தாமாகவே நீட்டிய விட்டுக்கொடுப்பை வாங்க மறுத்தவர் எவரையும் இதற்குமுன் நான் சந்தித்ததில்லை.

சித்திரை முடியும் தறுவாயில் அட்சயா என்ற இளம்பெண் மகப்பேற்றுப் பிரிவுக்கு வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கஜனியின் அலுவலகத்தில் வேலைசெய்பவர். நிலாணி தம்மை அறிமுகப்படுத்துவதற்குள் அவரே பேசத் தொடங்கிவிட்டார்.

"அன்ரி, நீங்கள்தானே அந்த நிலாணி அன்ரி? கஜனி அக்கா எல்லாம் சொன்னவ. நடுவிலை ஸ்டொப் எண்டு சொன்னா, ஏன் எண்டு கேக்காமல் ஸ்டொப் பண்ணுவீங்களாம். உண்மைதானே?"

"ஓம்."

"எக்ஸ்பெரிமென்ற் பாதியிலை நிண்டாலும்?"

"பாதியிலை நிண்டாலும்."

"அப்ப எனக்கு ஓகே. எங்கை சைன் பண்ண வேணும்?"

அட்சயா பேனாவுக்காகக் கை நீட்டினார். நிலாணி பேனாவைக் கொடுக்கவில்லை. கதிரையைக் கட்டிலுக்கருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பொறுங்கோ, பிள்ளை. முதல்லை நான் சொல்லுறதை முழுக்கக் கேளுங்கோ. கேட்டு முடிஞ்சாப் பிறகு வேண்டாம் எண்டாலும் எனக்குக் கோபம் வராது" என்றார். "இது உங்கட பிள்ளையின்ர கொடி..."